ஹீட்டரை மாற்றுவதற்கு முன்னால்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஊட்டி வட்டார மகளிர் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன பொதுக்குழுவில் காளான் வளர்ப்பு பற்றி ஒரு குழு பேசியது. அதற்கு முந்தின முறை வங்கிக் கடன். நாங்கள் இன்றைக்குப் பேச வந்திருப்பது ஹீட்டரைப் பற்றி. வரும் வழியில் ஜீப்பில் ஒரு அக்கா கேட்டார், "ஹீட்டர்ல பேச என்னம்மா இருக்கு? சுவிட்சைப் போட்டா சூடு, அணைச்சா குளிர்" என்று. நாங்களும் இரண்டு வருஷம் முன்னால் அப்படித்தான் நினைத்தோம். ஒரு உறுப்பினரை இழக்கப் பார்த்த பிறகுதான் அதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் ஊர் ஊட்டிக்கு மேற்கே. காரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் புல் மேல் உப்புக் கொட்டியது போல் உறைபனி கிடக்கும். தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர்கள் மின்விசிறிக்குக் கரண்ட் பில் கட்டுகிறார்கள், நாம் ஹீட்டருக்குக் கட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால் கரண்டே நம்ம மலையில் பிறக்கிற சரக்கு. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நம்ம பழைய வீடுகளுக்குள் இருக்கிற ஒயரைப் பார்த்தால் அந்தக் காலத்திலேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விட்டது போலத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம், அவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் வீடு மாமனார் கட்டியது, ஐம்பது வருஷம் ஆகிறது. தகரக் கூரை, அதற்குக் கீழே மரப்பலகை சீலிங். பாதிப் பலகை உளுத்துப்போய் விழுந்துவிட்டது. சுவரில் மரச்சட்டம் அடித்து அதன் மேல் ஓடுகிற பழைய ஒயரிங். மெயின் போர்டில் பீங்கான் கட்டை பியூஸ். அடிக்கடி பியூஸ் போகிறது என்று யாரோ அதில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தார்கள். அப்புறம் பியூஸ் போகவே இல்லை என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். பியூஸ் எதற்கு இருக்கிறது? ஒயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் போனால், தான் உருகி ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அது உருகாமல் செய்துவிட்டால் அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கிற ஒயர்.

படுக்கிற அறையில் ஒரு சுவர் ஹீட்டர். எஸ்டேட் பங்களா ஒன்றை இடித்தபோது ஏலத்தில் மாமனார் எடுத்து வந்தது. சிவப்பாக எரிகிற சுருள் கம்பி வெளியே தெரியும். அதற்கு ரெண்டு பின் பிளக். பிளக் உடைந்த பிறகு ஒயர் நுனியை உரித்து நேராக ஓட்டையில் சொருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். சிரிக்காதீங்க, இங்கே எத்தனை பேர் வீட்டில் தீக்குச்சி இருக்கிறது என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கை எழும்பும். குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதற்கு ஒரு 1500 வாட் ராடு. அதை அலுமினியக் குண்டானில் தொங்கவிடுவார்கள். இதுதான் அந்த வீட்டு ஹீட்டிங் ஏற்பாடு மொத்தமும்.

2023 டிசம்பரில் ஒரு நாள் காலை. பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவசரம். தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்க அக்கா விரலை உள்ளே விட்டிருக்கிறார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. தரை ஈரம், காலில் செருப்பு இல்லை. ராடு பழசு, மேல்தோல் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. கை உதற முடியவில்லை. மருமகள் ஓடி வந்து அத்தையைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறாள். பத்து வயசுப் பேரன்தான் "அம்மா தொடாதே" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயினை இறக்கினான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தப் பிள்ளை இல்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் ரெண்டு உயிர். அக்காவுக்கு விரல் நுனி கருகியது, ஒரு வாரம் கை தூக்க முடியவில்லை.

கரண்ட் பிடித்தவரைக் கையால் தொடக்கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எட்டவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையால் தள்ள வேண்டும். இதைப் பேரனிடம் நாங்கள் படித்தோம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அக்கா உள்கடன் கேட்டார். புது ஹீட்டர், கீசர் வாங்க 20,000 ரூபாய். எங்களில் சிலர், "ஆடு வாங்கக் கேட்டா கொடுக்கலாம், ஹீட்டருக்கா? இது செலவுக் கடன், வருமானம் வராது" என்றார்கள். ஊக்குநர் சொன்னார், "உறுப்பினரே இல்லைன்னா யார்கிட்ட தவணை வாங்குறது?" என்று. அதோடு வாதம் முடிந்தது. கடன் கொடுப்பது என்று தீர்மானம் எழுதினோம். ஆனால் என்ன வாங்குவது என்பதை விசாரித்து முடிவு செய்யலாம் என்று நாலு பேர் கிளம்பினோம்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ஆயில் ஹீட்டரைக் காட்டினார். பார்க்க அழகு, சக்கரம் வைத்தது, பத்தாயிரத்துக்குக் கிட்ட விலை. "பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதை வாங்குங்க, கரண்ட் பில் பாதியாகும்" என்றார். எப்படி பாதியாகும் என்று கேட்டோம். "புது டெக்னாலஜிம்மா" என்றார். அதற்கு மேல் பதில் இல்லை. நாம் சந்தா வசூலித்துச் சேர்த்த பணம், ஒரு வார்த்தைக்காக எடுத்துக் கொடுக்க முடியுமா? திரும்பி வந்துவிட்டோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சுற்றுலாக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறார். அவர் வீட்டில் இதே மாதிரி 2000 வாட் ஆயில் ஹீட்டர் இருந்தது. அவருடைய வீட்டில் ஒயரிங் புதிது. பழைய சுவர் ஹீட்டரையும் கழற்றி, நல்ல பிளக் போட்டு அங்கே கொண்டுபோனோம். வீட்டில் லைட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பழசைப் போட்டு மீட்டரைக் குறித்தோம். அப்புறம் ஒரு மணி நேரம் புதுசை முழு அளவில் போட்டுக் குறித்தோம். ரெண்டுக்கும் ஏறக்குறைய 2 யூனிட். வித்தியாசமே இல்லை!

ஏன் என்று பிறகு ஒரு ஐ.டி.ஐ. ஆசிரியர் விளக்கினார். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பல்பாக இருந்தால் அந்தக் கரண்டில் கொஞ்சம் வெளிச்சமாகும், மீதி சூடாக வீணாகும். அதனால் குண்டு பல்பை மாற்றி எல்.இ.டி. போட்டால் மிச்சம் வரும். ஆனால் ஹீட்டரில் வீணாகப் போகிற சூடு என்று ஒன்று கிடையாது. உள்ளே போகிற கரண்ட் முழுசும் சூடாகத்தான் மாறுகிறது. ஐம்பது வருஷப் பழைய சுருளும் அப்படித்தான், நேற்று வந்த ஆயில் ஹீட்டரும் அப்படித்தான். 2 யூனிட் போட்டால் 2 யூனிட் சூடு. கடைக்காரர் சொன்ன பாதிக் கணக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

அப்படியானால் பழைய ஹீட்டரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது. மாற்ற வேண்டியதற்குக் காரணம் பில் இல்லை, உயிர். திறந்த சுருள் கம்பியில் குழந்தை கை வைக்கும், போர்வை நுனி படும், புடவை முந்தானை படும். கம்பிச் சுருளில் பட்டது பட்டதுதான், பற்றிக்கொள்ளும். இன்னொன்று, அந்த மாதிரி பழைய ஹீட்டரின் பின்பக்கம் சிலதில் சாம்பல் நிறத்தில் கல்நார் அட்டை இருக்கும். அதை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

பில் குறைய வேண்டுமென்றால் சூடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அக்கா வீட்டைச் சுற்றி வந்தோம். கதவுக்கு அடியில் புகை படுத்துக்கொண்டு ஓடுகிறது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் சந்து, அங்கே புகை நேரே மேலே ஏறி வெளியே போய்விட்டது. சீலிங் பலகை விழுந்த இடத்தில் மேலே தகரம்தான். சூடான காற்று மேலே போகிற காற்று. அது தகரத்தைத் தொட்டதும் குளிர்ந்துவிடும். அக்கா ராத்திரி மூன்றரை மணி நேரம் ஹீட்டர் போட்டு வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினால் என்ன?

ஆகவே வரிசையை மாற்றினோம். ஹீட்டர் கடைசி. முதலில் ஒயரிங்.

எங்கள் ஊரில் ஒயரிங் என்றால் உடனே ஒரு தம்பியைக் கூப்பிடுவது வழக்கம். டெஸ்டர் எரிந்தால் வேலை முடிந்தது என்பார். இந்த முறை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்தோம். அவர் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்து, "இங்க எர்த்தே இல்லையேம்மா" என்றார். மூன்று பின் பாயிண்ட் இருக்கிறதே என்றோம். மூன்றாவது பின்னுக்குப் போகிற ஒயரை யாரோ நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள். இது எர்த் இல்லாததைவிட மோசமாம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், கிரைண்டர், ராடு, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் வந்துவிடும். மூன்று பின் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் குழி எடுத்து, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி எர்த் போட்டோம. எங்கள் நிலத்தில் ஆறடிக்குக் கீழே பாறை. ரெண்டு இடம் மாற்றிக் குழி எடுக்க வேண்டியிருந்தது. குழி வெட்டியது நாங்களேதான். நூறு நாள் வேலையில் பழகிய கை, அதில் கூலி மிச்சம். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கச் சொன்னார். காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது.

பிளக் பாயிண்டிலும் கணக்கு இருக்கிறது. சின்ன பாயிண்ட் 5 ஆம்பியர் அல்லது 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 1150 வாட்தான் தாங்கும். 1500 வாட் ராடையும் 2000 வாட் ஹீட்டரையும் அதில் போட்டால் பிளக் சூடாகும், கருகும், வாடை வரும். நம் வீடுகளில் கருகாத பிளக் உண்டா? அது எச்சரிக்கை. நாம் சுரண்டிவிட்டு மறுபடி சொருகுகிறோம். ஹீட்டருக்கும் கீசருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கு மெயினிலிருந்து தனி ஒயர், கனமான செம்பு ஒயர். பழைய அலுமினிய ஒயர் இணைப்பில் நாளாக நாளாகத் தளர்ந்து சூடாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர் போடவே கூடாது.

அடுத்தது ஆர்.சி.சி.பி. என்கிற ஒரு சுவிட்ச். இதைப் பற்றித்தான் நாங்கள் ஊர் ஊராகச் சொல்ல ஆசைப்படுகிறோம். மெயின் போர்டில் எம்.சி.பி. என்று சின்னச் சின்ன சுவிட்ச் இருக்கும். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. மனுஷரைக் கொல்ல எம்.சி.பி. விழுகிற அளவு கரண்ட் தேவையில்லை. அதில் நூறில் ஒரு பங்குகூடப் போதும். ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்றால், வீட்டுக்குள் போன கரண்ட் முழுசும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நம்ம குழுக் கணக்காளர் மாதிரி. வரவும் செலவும் 30 மில்லி ஆம்பியர் உதைத்தால், ஒரு நொடிக்குள் மெயினைத் துண்டித்துவிடும். அந்த உதைக்கிற கரண்ட் யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் டி என்று எழுதிய ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் சுவிட்ச் விழ வேண்டும். நாங்கள் மாதக் கூட்டம் நடக்கிற நாளில் அவரவர் வீட்டில் அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறோம். எங்களுக்கு 2,200 ரூபாய் ஆனது. ஒரு கவரிங் வளையல் ஜோடி, ஒரு நல்ல புடவை. அவ்வளவுதான் விலை.

வீட்டில் உள்ளவர்கள் சும்மா விடவில்லை. "பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்து வீட்டையே பிரிச்சுட்டீங்க" என்று அக்கா வீட்டுக்காரர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய சட்டத்தை உரித்தபோது உள்ளே ஒயரின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்ததையும், ஒரு இடத்தில் மரம் கரியாகியிருந்ததையும் அவரே பார்த்தார். அப்புறம் சாமான் தூக்கித் தந்தார். டீயும் போட்டுக் கொடுத்தார்.

ஒயரிங் முடிந்த பிறகு சந்து அடைக்கிற வேலை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கல்லும் சாந்தும் வைத்து அடைத்தோம். வீடு முழுக்க சீலிங் போடப் பணம் இல்லை. எல்லாரும் படுக்கிற அந்த ஒரு அறைக்கு மட்டும் பிளைவுட் அடித்தோம். கதவுக்கு அடியில் பழைய புடவையை உருட்டித் தைத்து வைத்தோம். ஜன்னலுக்குக் கனமான திரை. சமையலறையை மட்டும் அடைக்கவில்லை. நெருப்பு எரிகிற இடத்தில் காற்றுப் போக வர வழி வேண்டும்.

அடுத்து குளிக்கிற தண்ணீர். இங்கேயும் அதே கணக்குதான். 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 0.7 யூனிட் வேண்டும். ராடில் காய்ச்சினாலும் கீசரில் காய்ச்சினாலும் அவ்வளவுதான். ஆகவே கீசர் வாங்கினால் பில் குறையும் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்கச் சுவிட்ச் போட்டு வைத்தால் ஏறவும் செய்யும். கீசர் எதற்கு? கரண்டும் கையும் ஒரே தண்ணீரில் இருக்காது, சூடு ஏறியதும் தானே அணையும், அதற்காக. நட்சத்திரக் குறி அதிகம் உள்ளதை வாங்கினால், காய்ந்த தண்ணீர் உள்ளே சும்மா நிற்கும்போது சூடு குறைவாக வெளியேறும். 15 லிட்டர் கீசர் வாங்கினோம். நல்ல சூடான தண்ணீர் 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு ஆள் தாராளமாகக் குளிக்கலாம். குளிக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். கீசரில் ஒரு சின்ன வால்வு சொட்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே விட அதுதான் வழி. தண்ணீர் சொட்டுகிறது என்று துணி வைத்து அடைக்காதீர்கள்.

இப்போதைக்குக் கீசர் வாங்க முடியாதவர்கள் ராடுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ராடு, எர்த் உள்ள பெரிய பாயிண்ட், பிளாஸ்டிக் வாளி, தண்ணீர் குறி அளவுக்கு மேல். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை. மேல்தோல் வெடித்த ராடைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள். மாமியார் கொடுத்தது என்று பாசம் காட்ட வேண்டிய பொருள் இல்லை அது. வசதி உள்ள அக்காமார் சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாம். நம்ம ஊரில் உறைபனி விழுகிற மாதங்களில்தான் பகலில் வானம் தெளிவாக வெயில் அடிக்கும். அது நமக்கு அனுகூலம். ஆனால் பனியில் குழாய் உறைந்து வெடிக்காத மாதிரி அமைத்துத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது என்பதும் உண்மை.

கடைசியாக ரூம் ஹீட்டர். இத்தனைக்கும் பிறகு ஆயில் ஹீட்டர்தான் வாங்கினோம், வேறொரு கடையில். பில் பாதியாகும் என்று இல்லை. கம்பி வெளியே தெரியாது, சாய்ந்தால் தானே அணையும், அறை சூடானதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தும். பழைய சுருளுக்கு நிறுத்தத் தெரியாது. உள்ளே இருக்கிற ஆயில் தீராது, ஊற்றவும் வேண்டாம். மெதுவாகத்தான் சூடேறும், பொறுமை வேண்டும். சந்து அடைக்காத வீட்டில் இதை வாங்கிப் பயனில்லை. அப்படிப்பட்ட வீட்டில், எதிரே உட்கார்ந்தால் நேராக நம் மேல் சூடு அடிக்கிற கண்ணாடிக் குழல் ஹீட்டர் தேவலாம். அதையும் வலைக்கம்பி போட்டதாகப் பார்த்து, கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, தூங்கும் முன் அணைக்க வேண்டும். எந்த ஹீட்டர் மேலும் ஈரத்துணி காயப்போடக் கூடாது.

ஒரே ஒரு சாமான்தான் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் என்ற கணக்கை மீறுகிறது. சூடும் தருகிற இன்வெர்ட்டர் ஏ.சி. அது கரண்டைச் சூடாக்குவதில்லை. வெளியே இருக்கிற சூட்டை, பிரிட்ஜ் மாதிரி, உள்ளே இழுத்துக் கொண்டுவருகிறது. 1 யூனிட்டுக்கு ரெண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். உறைபனி ராத்திரியில் அது கொஞ்சம் குறையும். நம்ம வீடுகளுக்கு விலை கட்டுப்படியாகாது. ரூம் வாடகைக்கு விடுகிற உறுப்பினர்கள் யோசிக்கலாம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். கரண்ட் போன ராத்திரியில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சந்து இருந்த பழைய வீட்டில் எப்படியோ தப்பித்தோம். சந்தை அடைத்த வீட்டில் அது எமன். கரி நெருப்பிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டோம். கதவடைத்த குளியலறையில் கேஸ் கீசர் வைத்தாலும் இதே ஆபத்து. சந்து அடைப்பதைப் பற்றி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கரிச்சட்டியையும் உள்ளே வைத்தீர்கள் என்றால் அந்தப் பாவம் எங்களுக்கு வரும். கரண்ட் இல்லாத ராத்திரிக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான்.

செலவுக் கணக்கைப் படிக்கச் சொன்னார்கள். ஒயரிங், எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்து 27,400. ஒரு அறை சீலிங்கும் சாந்தும் 9,100. கீசர் 7,800. ஹீட்டர் 8,500. மொத்தம் 52,800 ரூபாய். அக்கா கேட்டது 20,000. நாங்கள் உள்கடனில் 30,000 கொடுத்தோம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மீதி அவர் உருளைக்கிழங்கு விற்ற பணம். 2024 மார்ச்சில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் செய்தோம். ஹீட்டர் வாங்கியது நவம்பரில்தான்.

பில் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கார்டைக் கொண்டு வந்திருக்கிறோம். குளிர்காலத்து ரெண்டு மாதக் கணக்கில், வேலைக்கு முன்னால் 672 யூனிட். வேலைக்குப் பின்னால், 2025 தொடக்கத்தில் எடுத்த கணக்கில் 431 யூனிட். பாதியாகவில்லை. ஆனால் 241 யூனிட் குறைந்திருக்கிறது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கணக்கில், குறைந்தது எல்லாம் மேல் விலை யூனிட். 2016-ல் 100 யூனிட் இலவசம் என்று வந்தபோது நாம் எல்லாம் சந்தோஷப்பட்டோம். ஆனால் ஹீட்டர் போடுகிற வீட்டில் அது பதினைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. இந்தக் குறைவு முழுசும் எங்கள் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டோம். முந்தின வருஷம் அந்த வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகள் இருந்தாள், ஹீட்டர் அதிக நேரம் ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா? ஆனால் தண்ணீர் காய்ச்சுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, குறைந்தது ராத்திரி ஹீட்டரில்தான் என்று அக்காவே தினமும் குறித்து வைத்த நோட்டில் தெரிகிறது. பிளைவுட்டும் சாந்தும் செய்த வேலை அது.

இதற்குப் பிறகு எங்கள் குழுவில் பதினான்கு வீட்டையும் ஒயர்மேனை வைத்துப் பார்த்தோம். ஒன்பது வீட்டில் எர்த் இல்லை. பதினான்கு பேரும் பயன்படுத்துகிற எங்கள் கூட்டம் நடக்கிற கட்டடத்திலும் இல்லை! ஒன்பது வீட்டுக்கும் ஒரே நேரத்தில் முழு ஒயரிங் செய்யப் பணம் கிடையாது. அதனால் முதலில் எல்லாருக்கும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் மட்டும் போடுவது என்றும், அதற்கான உள்கடனுக்கு முதல் மூன்று மாதம் வட்டி இல்லை என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். இதுவரை ஐந்து வீடு முடிந்தது. குழி வெட்டுகிற வேலையை மாறி மாறிச் செய்கிறோம். அதில் ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டிய மறுநாளே விழுந்துகொண்டே இருந்தது. ஒயர்மேன் சரியில்லை என்று திட்டினார்கள். தேடிப் பார்த்தால் குளியலறைச் சுவரில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ.

கூட்டமைப்புக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆர்.சி.சி.பி.யை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ரெண்டு கடையில் விசாரித்திருக்கிறோம். எத்தனை வீட்டுக்குத் தேவை என்று தெரிந்தால்தான் பேரம் பேச முடியும். ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் உறுப்பினர் வீடுகளைப் பார்த்து, எர்த் இருக்கிறதா, மெயினில் என்ன இருக்கிறது, ராடு எத்தனை என்று எழுதித் தாருங்கள். தாள் வாசலில் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் பேரன்தான் கோடு போட்டுக் கொடுத்தான்.